இடது கெண்டைக்கால்

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் டிரைவிங் டெஸ்ட்டில் மறுபடியும் ஃபெயில். டெஸ்ட் எடுத்த அதிகாரி காரிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது. ஐம்பதைத் தொடப்போகிற மனுஷி, நாளெல்லாம் அடுத்தவரை வாயைத் திற, மூடு என்று அதட்டுகிறவர், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "மேடம், திரும்பவும் முதல்லேர்ந்தா?" என்றார். "முதல்லேர்ந்துதான் டாக்டர். பாஸ் ஆகுற வரைக்கும் விடமாட்டாங்க" என்றேன்.

இதை அக்காவிடம் போனில் சொல்லியிருக்கக் கூடாது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதைதான். "வாழ்க்கையும் அப்படித்தான்டி. பாடம் மண்டையில ஏறுற வரைக்கும் அதே பரீட்சையத் திரும்பத் திரும்ப வைக்கும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஏதோ மனநிம்மதி வகுப்புக்குப் போகிறாள், அங்கே புதிதாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிறகு குரலை இறக்கி, "நீ உன் பாடத்தப் படிச்சிட்டியான்னு பாத்துக்கோ" என்றாள்.

என்ன அர்த்தம் அதற்கு? அவளுக்கு ஏதாவது தெரியுமா?

இவர் வரும்போது வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. சட்டையில் எலுமிச்சை வாசனை. எங்கள் வீட்டில் சோப்பு, சென்ட், பவுடர் எதிலும் எலுமிச்சை கிடையாது.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் லேட். இன்றும் எலுமிச்சை.

செவ்வாய், வெள்ளி. போன வாரமும் அதே செவ்வாய், வெள்ளிதான். நான் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. தானாக மனதில் விழுந்துவிட்டது.

"வேலை ஜாஸ்தியா?" என்று கேட்டேன். "ம்" என்றார்.

ஆஸ்பத்திரிகளில் ரத்தம் பரிசோதிக்கிற மெஷின்களைப் பழுது பார்ப்பது இவர் வேலை. எந்த ஆஸ்பத்திரியில் மெஷின் படுத்துக்கொள்கிறதோ அங்கே போக வேண்டும். கம்பெனி டிரைவர் கூட்டிப்போவார், இல்லாவிட்டால் பஸ். இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் சம்பளம் வாங்குவதே ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, என் புருஷனுக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு குடும்பத்திலும் இது தேய்ந்துபோன கிண்டல். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

முதல் ஆளும் இப்படித்தான் "ம்" என்பார். எனக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் ஆள் வேறொருத்தியோடு தனிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கத் தெரிந்து, பால் போடுகிறவர் வரைக்கும் தெரிந்து, கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதும் வாசனை வந்தது. புதுச் சட்டைகள் வந்தன. அந்தச் சட்டைகளை இஸ்திரி போட்டுக் கையில் கொடுத்து அனுப்பியவள் நான். அவர் போனதுகூட ஆறிவிட்டது. நான் இஸ்திரி போட்டது இன்னும் ஆறவில்லை.

இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

மார்ச் 9, ஞாயிறு

வகுப்பு முடிந்த கையோடு அக்கா வந்தாள். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"சிலருக்கு ஏன் ஒரே மாதிரி ஆளுங்களே அமையறாங்க, யோசிச்சியா? மொத தடவ பாடத்த முடிக்கல. அதான்."

"அப்ப உனக்கு ஏன் அமையல?"

"நான் மொதல்லயே படிச்சிட்டேன்."

அத்தானை நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் விளம்பரம் வரும்போதுதான் எழுந்திருப்பார். அவரிடம் படிக்க என்ன பாடம் இருக்கிறது?

அவள் போன பிறகு யோசித்தேன். என் தொழிலே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதுதான். அதனாலேயே இந்தப் பேச்சின்மேல் எனக்குச் சந்தேகம். டெஸ்ட்டில் ஃபெயில் ஆனால் எங்கே ஃபெயில் என்று சொல்லிவிடுகிறார்கள். ரிவர்ஸில் கோடு தாண்டினாய், இன்டிகேட்டர் போடவில்லை என்று. வாழ்க்கை எங்கே சொல்கிறது? ஃபெயில் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. எங்கே தப்பு என்று தெரியாமல் நூறு தடவை செய்தால் அந்தத் தப்புத்தான் கைப்பழக்கமாகும். கியரைத் தவறாகப் பிடிக்கப் பழகியவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களைவிட அவர்களைத் திருத்துவதுதான் கஷ்டம்.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். எனக்கு வைத்த பாடம் என்ன? நம்பாதே என்பதா? அது ஏற்கெனவே மனப்பாடம்.

மார்ச் 11, செவ்வாய்

புது ஷூ. நன்றாக இருந்த பழைய ஷூவை ஓரம் வைத்துவிட்டு இதை வாங்கியிருக்கிறார். அடிப்பாகம் அப்பளம் மாதிரி மெலிசு. "இது ஒரு மாசம் தாங்குமா?" என்றேன். "காலுக்கு லேசா இருக்கு" என்றார். யாருக்குக் காட்டி மயக்க லேசான ஷூ?

வந்ததும் கட்டிலில் சாய்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். இடது கெண்டைக்கால் வலிக்கிறதாம். நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். நரம்பு முறுக்கிக் கல்லாகக் கிடந்தது. "எங்க அலைஞ்சீங்க?" என்றேன். "மாடிப்படி" என்றார். லிஃப்ட் வேலை செய்யவில்லையாம்.

தேய்த்துக்கொண்டே யோசித்தேன். மாடிப்படி ஏறினால் இரண்டு காலும்தானே வலிக்கும்?

மார்ச் 14, வெள்ளி

மத்தியானம் போன் செய்தார். "இன்னிக்கு லேட்டாகும். ஆபீஸ்லதான் இருப்பேன்." எங்கே இருப்பீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஹாலில் இருக்கும் கண்ணாடியை இவர் இப்போது சும்மா தாண்டுவதில்லை. ஒரு பார்வை. குளியலறைக் கதவில் இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை. இத்தனை வருஷம் தலை சீவ மறந்துபோய் ஆபீஸ் போன மனுஷன்.

ராத்திரி வந்ததும் பால்கனியில் நின்று யாரிடமோ மெதுவாகப் பேசினார். துணி எடுக்கப் போகிற சாக்கில் போனேன். "இன்னிக்கு ரொம்பப் பதட்டமா இருந்துச்சு. நீங்க பக்கத்துல இருந்ததால சமாளிச்சேன்." என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார். "யாரு?" "ஆபீஸ்."

கையில் இருந்த துணி ஈரமாகவே இருந்தது. ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

இவருக்கும் இது இரண்டாவது கல்யாணம்தான். முதல் கல்யாணம் ஏன் முறிந்தது என்று கேட்டால் "ஒத்து வரல" என்பதோடு முடித்துக்கொள்வார். நானும் நாகரிகம் கருதித் தோண்டவில்லை. தோண்டியிருக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றெல்லாம் வீட்டிலேயே இருந்தார். ஒழுகிய குழாயைச் சரி செய்தார். பாட்டுக்கூடப் பாடினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமாம். இவருக்கு ஏன் பாட்டு வருகிறது?

மார்ச் 18, செவ்வாய்

பல் டாக்டர் இன்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். சந்திப்பில் எதிரே சைக்கிள் வந்தது. என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, சொல்லிக்கொடுக்கிறவர்களுக்காக வைத்தது. அதை மிதித்தேன். "நான் மிதிக்கத்தான் போனேன் மேடம்! எப்பவும் நீங்க முந்திக்கிறீங்க. டெஸ்ட்ல நீங்க இல்ல. எங்க மிதிக்கணும்னே எனக்குத் தெரியல" என்றார்.

நான் மிதிக்காவிட்டால் சைக்கிள்காரர் கதி என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். அது எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாது. அதுதானே என் வேலையே.

இன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்தபோது முதுகுப் பக்கம் சட்டை முழுக்க வியர்வை. ஏசி ஆபீஸில் இப்படி வியர்க்குமா?

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ததும் பசித்தது. பல நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் பல்வலி என்று சொல்லி மதிய வகுப்புகளைத் தள்ளிவைத்தேன். பல் டாக்டரிடம் தலைவலி என்றேன். அவரிடம் போய்ப் பல்வலி என்று சொல்ல முடியுமா? வகுப்புக் காரின் கூரையில் இருக்கும் எல் போர்டைக் கழற்றிப் பின்சீட்டில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, இவர் ஆபீஸுக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியில் நிறுத்திக் காத்திருந்தேன்.

அந்த லேசான ஷூவோடு வெளியே வந்தார். பஸ் ஏறினார். பின்னாலேயே போனேன். முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விடு என்பது நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விதி. இன்று அந்த பஸ்ஸின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போனேன்.

விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இறங்கினார். லாரிகள் நிறுத்துகிற பெரிய காலி இடம். ஓரத்தில் ஒரு மஞ்சள் கார் நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். என் வயதுதான் இருக்கும், கொஞ்சம் குள்ளம். இவரைப் பார்த்துச் சிரித்தாள். இவரும் சிரித்தார். இவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம் ஆகிறது! அவள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். இவர் இந்தப் பக்கம் ஏறினார்.

கையும் களவுமா புடிச்சாச்சு என்று வாய்விட்டே சொன்னேன். இறங்கி நடந்தேன். முதல் ஆளிடம் கேட்காமல் விட்ட கேள்வியெல்லாம் வரிசை கட்டி நாக்கு நுனியில் நின்றது. எல்லாவற்றையும் இன்று இவரிடம் கேட்டுவிடுவது.

கார் கிளம்பியது. இரண்டு துள்ளல் துள்ளி ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி தவளை மாதிரி ஒரு துள்ளல். மறுபடி ஆஃப்.

நடந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தத் துள்ளலைத் தூக்கத்தில் கேட்டாலும் எனக்கு என்னவென்று தெரியும். இடது கெண்டைக்கால் — கிளட்ச் மிதிக்கிற கால்! புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் முதல் வாரமே நான் சொல்லும் வார்த்தைகள் இவை: இடது கெண்டைக்கால் வலிக்கும், தைலம் தேய்ங்க. தடி ஷூ போடாதீங்க, பெடல் தெரியாது, மெலிசா வாங்குங்க. கண்ணாடி பாக்குற பழக்கம் வீட்லகூட வரணும். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கையாலேயே அந்தக் காலுக்குத் தைலம் தேய்த்தேன். எலுமிச்சை வாசனையும்தான் — பாதி ஊர் கார்களில் தொங்குகிற வாசனை அது. உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். இவருக்குத் தெரிந்தே இருக்காது. ஒருநாள் லைசன்ஸைக் கொண்டுவந்து காட்டியிருப்பார், நானும் வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டிருப்பேன். ஏன் போய்க் கார் கண்ணாடியைத் தட்டினேன்? தெரியவில்லை. சந்தோஷத்தில்தான் தட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை என்கிற சந்தோஷம்.

இவர் கண்ணாடியை இறக்கினார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கிளட்ச்ச மெதுவா விடுங்க."

பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். இவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் தள்ளி நின்ற எங்கள் ஸ்கூல் காரைப் பார்த்தார். போர்டு இல்லாத அதன் கூரையைப் பார்த்தார்.

"நீ எப்படி இங்க வந்தே?"

பதில் சொல்ல என்னிடம் ஒரு பொய்கூடத் தயாராக இல்லை. கேள்விகளை மட்டும்தானே தயார் செய்திருந்தேன்.

மார்ச் 22, சனி

காலையில் பேசினார். கத்தியிருந்தால் தேவலை. மெஷினில் என்ன பழுது என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு விளக்குகிற குரலில் பேசினார்.

"கம்பெனில டிரைவர நிறுத்திட்டாங்க. இனிமே அவங்கவங்களே வண்டி ஓட்டிட்டுப் போகணும். உன்கிட்ட கத்துக்க முடியாது. நீ பக்கத்துல இருந்தா நான் ஓட்டவே வேண்டாம், எல்லாத்தையும் நீயே மிதிச்சிருவ. பாஸ் பண்ணிட்டு வந்து உன் முன்னாடி சாவிய ஆட்டலாம்னு இருந்தேன். அவ்ளோதான்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். நீயும் கேட்டிருக்கலாம்."

பிறகு கொஞ்ச நேரம் ஷூ லேஸையே கட்டிக்கொண்டிருந்தார். கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். "எனக்கு இது ரெண்டாவது தடவ" என்றார்.

முதல் மனைவியைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னார். அவளும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாளாம். சட்டையை மோந்து பார்ப்பாளாம். "ஒண்ணுமில்லாதவன மோந்து மோந்து பாத்தா, ஒரு கட்டத்துல, ஏதாவது இருந்தாதான் என்னன்னு தோணிரும்" என்றார்.

"தோணிச்சா?" என்று கேட்டேன்.

ஐயோ, அந்த நேரத்திலா அதைக் கேட்பேன்? இவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டாமா? தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லியிருக்க வேண்டாமா? சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்புக் கேக்க வேண்டிய வாய், அடுத்த சந்தேகத்த கேக்குது. என்ன வாய் இது.

பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குழாயும் சொட்டவில்லை.

மார்ச் 26, புதன்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாரா? காலையிலிருந்து இதே குடைச்சல். வேண்டாம் வேண்டாம் என்று துணி துவைத்தேன். ஜன்னல் எல்லாம் துடைத்தேன். கடைசியில் இவர் அண்ணியைக் கூப்பிட்டு, போன தடவை வந்தபோது என் குடையை அங்கே விட்டுவிட்டேனா என்று கேட்டேன். குடை எனக்கு எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இருக்காரும்மா. குளிச்சிட்டிருக்காரு. கூப்பிடட்டுமா?" என்றார் அண்ணி. குடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஃபெயில். எங்கே ஃபெயில் என்று இந்தத் தடவை நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் டயல் செய்தேன். தப்பு எங்கே என்று சொல்லிவிட்டால் திருந்திவிடலாம் என்று நான்தானே எழுதினேன்? அதுவும் பொய்.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். துளிகூட ஆச்சரியப்படாமல் "பாத்தியா, பாடம்!" என்றாள்.

"எந்தப் பாடம்? போன வாரம் வரைக்கும் நம்பாதேன்னு சொன்னே."

"நான் எங்க சொன்னேன்? பாடத்தப் படின்னுதான் சொன்னேன். நீயா தப்பாப் படிச்சிட்டே."

இதுதான் இந்த வகுப்பின் சாமர்த்தியம். என்ன நடந்தாலும் பாடம். அவர் துரோகம் செய்திருந்தாலும் பாடம், செய்யாவிட்டாலும் பாடம். எப்படி விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. அவளிடம் அதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு கிளம்பியவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அந்த ஒன்றுக்காக அவளை மன்னித்தேன்.

ஆனால் ஒரு நினைப்பு என்னை விடவில்லை. இத்தனை நாளாக நான்தான் பரீட்சை எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன். முதல் ஆள் ஒரு கேள்வி, இவர் இன்னொரு கேள்வி. இவர் பக்கமிருந்து பார்த்தால்? முதலில் ஒருத்தி வாசலில் நின்றாள். அவளிடமிருந்து தப்பித்து வந்தால், இரண்டாவதாக ஒருத்தி போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காரிலேயே வருகிறாள். இவருக்கு அதே கேள்வி திரும்ப வந்திருக்கிறது. அந்தக் கேள்வி நான். என்னைக் கொண்டு இவருக்கு என்ன பாடம் நடத்தப் பார்க்கிறார்கள்? இப்படிப்பட்டவளை விட்டு ஓடிவிடு என்பதா? அப்படி இருந்தால் எனக்கு அந்தப் பாடமே வேண்டாம்.

இவர் வேண்டும். இன்றுதான் இதை நேராக எழுதுகிறேன். இவர் இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்துவிட்டார்.

பாதித் துணி இங்கேயே இருக்கிறது, எடுக்க வந்தேன் என்றார். எடுத்து மடித்துப் பையில் வைத்தார். அலமாரிக்குள் ஈரத்தோடு வைத்துப் பூஞ்சை வாடை பிடித்த சட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்றார். பால்கனியில் ஒட்டுக்கேட்ட நாளில் மடித்தது என்று உண்மையைச் சொன்னேன். குடைக்காக அண்ணிக்குப் போன் செய்ததையும் சொன்னேன்.

"குடை விஷயம் தெரியும்" என்றார். "அண்ணி சொல்லல. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க, குளியலறையிலேர்ந்து காதுல விழுந்துச்சு."

தெரிந்தும் வந்திருக்கிறார்! "மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னேன். அதைத் தைலம் தேய்க்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"கேக்கணும்னா நேரா கேளு. பின்னாடி வராத. என்னால அது முடியாது, சொல்லிட்டேன்" என்றார். பையை அவிழ்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பை இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குகிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பாஸ். முதல் தடவையிலேயே! மஞ்சள் கார்க்காரி நல்ல டீச்சர்தான், ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. இந்தப் பொறாமை தொழில் சம்பந்தப்பட்டது, இது பரவாயில்லை.

மே 2, வெள்ளி

கம்பெனி கார் கொடுத்துவிட்டார்கள். நன்றாக ஓட்டுகிறாராம். எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தொந்தரவு. ஒவ்வொரு தடவ கண்ணாடி பாக்கும்போதும், பின்னாடி உன் வண்டி வருதான்னு தேடுறேன்" என்றார். கிண்டலாகச் சொன்ன மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

மே 13, செவ்வாய்

பாடம் நடக்கும்போதே இவர் போன். "எங்க இருக்கே?" "ஆத்துப் பக்கம், கிளாஸ்ல." "சரி." வைத்துவிட்டார். நேற்றும் இப்படித்தான். போன வாரமும்.

மூன்றாவது தடவை எரிச்சல் வந்தது. நான் என்ன திருடியா? எங்கே இருக்கிறேன் என்று மணிக்கொரு தரம் ஒப்பிக்க வேண்டுமா? கேட்டுவிட வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. சந்தேகப்படுகிறவளுக்கு நெஞ்சு மட்டும்தான் வலிக்கும். சந்தேகப்படுகிறவர் பக்கத்தில் வாழ்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று இத்தனை வயதில் எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் அது பதிலாக இல்லாமல் சாக்காகவே காதில் விழுகிறது. உண்மையைச் சொல்லும்போதுகூட, சொல்கிற எனக்கே அது பொய் மாதிரி கேட்கிறது.

போனைக் கீழே வைத்துவிட்டேன். கேட்கட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கட்டும்.

மே 23, வெள்ளி

பல் டாக்டர் இன்று வேறு ரோடு வேண்டும் என்றார். ஆற்றுப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன், டிராஃபிக்கில்தான் பயம் என்றார். நியாயம்தான். பெரிய ஆஸ்பத்திரி ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஓரம் கட்டச் சொல்லி, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன்.

அப்போது அந்த வாசலிலிருந்து இவர் கார் வெளியே வந்தது.

இன்றைக்கு இங்கே வேலை என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. முடிந்தது, இதை யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்புவேனா? சட்டென்று சீட்டில் சரிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். "என்ன மேடம், கால் இழுத்துக்கிச்சா?" என்றார் டாக்டர். எந்தத் தப்பும் செய்யாத இந்த ஒரு நாளில்தான் திருட்டு முழி முழிக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவர் கார் எங்களைத் தாண்டும்போது வேகம் குறைந்தது. என்னைப் பார்த்தார், ஒரு கணம்தான். போய்விட்டார்.

மீதி நாள் முழுக்க வாதாடத் தயார் செய்துகொண்டிருந்தேன். டாக்டரை சாட்சிக்குக் கூப்பிடலாம். முதலாளியைக் கேட்கச் சொல்லலாம். போன் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் கொட்டினேன். "இன்னிக்கு அந்த ரோட்டுக்கு டாக்டர்தான் போகலாம்னு சொன்னாங்க. உங்களுக்கு அங்க வேலைன்னு எனக்குத் தெரியவே தெரியாது. வேணும்னா அவங்களையே—"

"நான் கேக்கலையே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். பிறகு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் கிடந்த பையை இழுத்து, அதிலிருந்த சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். நான் ஒருதரம்கூட பாஸ் ஆகாத இடத்தில் இவர் எப்படிப் பாஸ் ஆனார்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

வெளியே வந்தபோது கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏன் அழுதே?" என்றார்.

இன்று முழுக்க இவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான். சொன்னேன்.